முருகனுக்கு வைத்த காட்டு வெங்காயப் பூ

கிருத்திகை அன்று எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லை. பிள்ளைகளே, அப்படி ஒரு கிருத்திகையில்தான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பால்கனியில் நான் அழகுக்காக வளர்த்த காட்டு வெங்காயச் செடி முதல் முறையாகப் பூத்தது. ஊதா நிறத்தில், பந்து போல ஒரே ஒரு பூ. ஆசையாகக் காம்போடு கிள்ளி முருகன் படத்துக்கு வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் வெங்காய வாடை. அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்த மகள் மேல் எனக்குச் சந்தேகம்.

"வழியில பகோடா தின்னியா? உண்மையைச் சொல்லு."

"இல்லப்பா, சச்சி!" என்றாள். 'நிஜமா' என்பதற்குப் பள்ளியில் பழகிய இந்தி அது.

நான் நம்பவில்லை. அவள் பையை மோந்து பார்த்தேன். வாயை ஊதச் சொன்னேன். ஊதும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. வாயில் வாடையே இல்லை. பிறகு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கையைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

"ஏங்க, அப்படியே மோந்துகிட்டு சாமி அலமாரி பக்கம் போங்க" என்றாள் அவள்.

போனேன். கிள்ளிய காம்பிலிருந்துதான் அத்தனை வாடையும்.

பின்னாலேயே வந்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அச்சா! அப்ப முருகன்தான் பகோடா சாப்பிட்டாராப்பா?" என்றாள்.

முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முருகனிடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.