ஸ்பாவில் ஒரு மில்க் ஷேக்

கடைக்குள்ளே ஓரமாக நீள மேசை போட்டு, முன்னால் சுழல் முக்காலிகள் வைத்து, சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தால் எங்கள் லோவெல் ஊரில் அதற்குப் பெயர் ஸ்பா. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. ஒஹாயோவிலிருந்து வந்து பினார் ஸ்பாவை விலைக்கு வாங்கிய பர்கார்ட்டின் மனைவி, முதல் நாள் துண்டும் குளியல் செருப்புமாக வந்து நின்றாள். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

மேசைக்குப் பின்னால் நிற்பவள் ஃப்ளோரன்ஸ். வாய்த்துடுக்கு அதிகம், கை சுத்தம் அதைவிட அதிகம். பர்கார்ட் அவளிடம் ஒரு மில்க் ஷேக் கேட்டார். பாலில் சாக்லேட் பாகு விட்டு, நுரைக்க அடித்து நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார்.

"ஐஸ்கிரீம் எங்கம்மா?"

"மில்க் ஷேக்ல எதுக்கு ஐஸ்கிரீம்?"

ஐஸ்கிரீமை அமுக்கிக்கொண்டு வெறும் பாலை விற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். "இப்படி ஊரை ஏமாத்தினா கடை உருப்படுமா? சனிக்கிழமையோட இந்த மேசையை எடுத்துடறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

ஃப்ளோரன்ஸ் அந்தக் குவளையை எடுத்துக் கழுவி வைத்தாள். வேலை போவதைவிட, திருடி என்ற பெயரோடு போவதுதான் அவளை அரித்தது. எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஐஸ்கிரீம் போட்ட மில்க் ஷேக்கை எங்களில் யார் கண்டது?

சனிக்கிழமை மதியம் பர்கார்ட் அளவு நாடாவோடு வந்து மேசையை அளக்க ஆரம்பித்தார். பஸ் ஓட்டும் ஆர்மான், நாடா தன் முழங்கையில் இடித்ததைக்கூடக் கவனிக்காமல், "ஃப்ளோ, ஒரு ஃப்ராப் போடு" என்றார். அவள் பாலையும் பாகையும் விட்டு, ஐஸ்கிரீமை அள்ளி அள்ளிப் போட்டாள்.

பர்கார்ட்டின் கை நின்றது. "அவருக்கு மட்டும் ஐஸ்கிரீமா?"

"அவர் ஃப்ராப் கேட்டாரு. நீங்க மில்க் ஷேக்தானே கேட்டீங்க?"

"இதைத்தாம்மா எங்க ஊர்ல மில்க் ஷேக்னு சொல்வோம்."

"அப்ப எங்க மில்க் ஷேக்குக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்றார் ஆர்மான்.

"சாக்லேட் பால்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஃப்ளோரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

பர்கார்ட் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். "மேசை இருக்கட்டும்மா. திங்கக்கிழமை வழக்கம்போல வாங்க."

"வரேன். ஆனா அன்னிக்கு நான் ஏமாத்தறேன்னு இவங்க முன்னாடிதானே சொன்னீங்க? அப்படி இல்லன்னும் இவங்க முன்னாடியே சொல்லுங்க."

அவர் காது வரை சிவந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தம்மா யாரையும் ஏமாத்தல. எனக்குத்தான் பேரு தெரியல."

ஃப்ளோரன்ஸ் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் கண்ணைத் துடைத்தாள். ஒரு முக்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. என்ன வேணும்னு இப்ப ஒழுங்கா கேளுங்க."