ஏழடிச் சுவருக்குள் வெயில்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் பல்லடம் ரோட்டில் அருள்புரம் பக்கத்தில் இருந்த ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில், நான் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். சும்மா விழவில்லை. கையில் அளக்கும் டேப்போடு, பின்பக்கமாக நடந்து, துணி துவைக்கும் கல்லில் இடித்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அங்கே ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை டிப்ளமோ முடித்து, ராயபுரத்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் மூன்று வருடம் படம் வரைந்தவள் நான். ஆசை விடவில்லை. நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருடப் படிப்பில் சேர்ந்து, கடைசி வருடப் பயிற்சிக்கு அதே ஆபீசுக்கே திரும்பி வந்தேன். மேலே இரண்டு ஆர்க்கிடெக்டுகள், கீழே கல்லூரியிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள், நடுவில் நான். சைட்டில் எல்லாரும் மேடம் என்பார்கள். ஆனால் படிப்பு முடிந்து பதிவு எண் வாங்கும்வரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இதை என் அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியும் பிரயோஜனமில்லை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் டிப்ளமோ படித்த நாளிலிருந்தே ஆர்க்கிடெக்ட்தான்.

அந்தக் கம்பெனி, பழைய ஹாஸ்டலை ஒட்டி நூறு பெண்கள் தங்குகிற மாதிரி புதுக் கட்டடம் கட்டப் போகிறது. ஆர்க்கிடெக்டுகளில் மூத்தவரான எங்கள் சார் முதல் தடவையாக ஒரு முழு வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவி ஹால், படிக்கும் அறை, உடம்பு சரியில்லாதவர்களுக்குத் தனி அறை, முற்றத்தில் வேப்ப மரம், அதைச் சுற்றி உட்காரத் திட்டு என்று பார்த்துப் பார்த்து வரைந்திருந்தேன். பிளான் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பழைய கட்டடத்தின் அளவுகளைச் சரிபார்த்துவிட்டால் புதன்கிழமை முதலாளியிடம் காட்டி முடித்துவிடலாம்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஹாஸ்டலில் தங்கி டெய்லராக இருந்த ஒரு தென்காசிப் பொண்ணு. இருபத்திரண்டு வயது இருக்கும். வந்து இரண்டு நிமிடத்தில் என்னைத் தன் சொந்த அக்காவாக்கிக்கொண்டாள். நான் தொட்டிக்குள் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டு, "எக்கா, அங்க வழுக்கும்னு சொல்லதுக்குள்ள உக்காந்துட்டீங்களே" என்றாள். அறைக்குக் கூட்டிப்போய்த் தன் நைட்டி ஒன்றைக் கொடுத்தாள். அது எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மாற்றிக்கொண்டு வருவதற்குள் என் துணிகளை அலசிப் பிழிந்து வைத்திருந்தாள்.

வெளியே வெயில் பொரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அவள் சுடிதாரை மட்டும் வெளியே கம்பியில் போட்டாள். உள்ளே போடுகிற துணிகளை அறைக்குள் எடுத்துப்போனாள். அங்கே ஃபேனுக்குக் கீழே நாலைந்து கொடி. அதில் வரிசையாகத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் ஒளித்து வைத்த மாதிரி அவரவர் உள்ளாடைகள். அறை முழுக்க ஈர வாடை. என்னுடையதையும் அப்படித்தான் ஒரு துண்டுக்கு அடியில் போட்டாள்.

இவ்வளவு வெயில் அடிக்கிறதே, வெளியே போட்டால் என்ன என்று கேட்டேன். வெளியே போட்டால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்களாம். ஒரு நாள் யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து யாரும் போடுவதில்லை. மொட்டை மாடிக்குப் போகலாமென்றால், பக்கத்துக் கம்பெனி ஆட்கள் பார்க்கிறார்கள் என்று வார்டன் அதைப் பூட்டியே வைத்துவிட்டார்.

"காயவே காயாதுக்கா. ஈரத்தோட போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவோம். நாள் பூரா மெஷின்ல உக்காரணும்லா, புண்ணாயிருது. ஆஸ்பத்திரில கேட்டா, வெயில்ல காயப்போட்டு உடுத்துங்கன்னு சொல்லுதாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது என்பதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அதற்குள் அறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். புதுக் கட்டடத்தின் பிளான் என் பையில் இருப்பது தெரிந்ததும் காட்டச் சொன்னார்கள். எனக்கும் காட்ட ஆசைதான். கட்டிலில் விரித்து ஒவ்வொன்றாக விளக்கினேன். வேப்ப மரத்துக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தென்காசிப் பொண்ணு மட்டும் விரலை வைத்து எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இதுல துணி எங்கக்கா காயப்போடுவோம்?" என்று கேட்டாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நானும் ஒரு பெண். நாலு வருடம் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். துண்டுக்கு அடியில் காயப்போட்டவள்தான். நூறு பெண்களுக்குக் கட்டடம் வரைந்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. மொட்டை மாடியில் சோலார் தகடும் தண்ணீர்த் தொட்டியும் போட்டு, மிச்ச இடத்தில் முதலாளி கேட்டபடி இரண்டு அறைகளும் வரைந்திருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் என்னை அடித்திருக்கப் போவதில்லை. ஆனால் அத்தனை பெருமையாக விளக்கிவிட்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மாடியில இருக்குது. அந்தத் தாள் இன்னைக்கு எடுத்துட்டு வரல" என்று வாய்கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளை இடித்து, "பாத்தியாடி, அக்கா போட்டிருக்காங்க" என்றாள். அன்று மதியம் அவர்கள் தட்டிலிருந்து எனக்கும் சோறு போட்டார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

திங்கட்கிழமை காலை சாரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். தொட்டிக்குள் விழுந்ததில் ஆரம்பித்ததால் பாதி நேரம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "இருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்க. அப்ப இருக்கோணும் அம்மிணி. வரைங்க. புதன்கிழமை நீங்களே பேசுங்க, நான் பக்கத்துல இருக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து மாடியை மாற்றினேன். சோலார் தகடுகளைத் தொழிற்சாலைக் கூரைக்குத் தள்ளினேன். இரண்டு அறைகளை எடுத்துவிட்டு, காற்று வர ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலி சுவரைச் சுற்றிலும் எழுப்பி, உள்ளே வெயில் விழும் பக்கமாகக் கொடிகள் போட்டேன். மனதுக்குள் நூறு தடவை பேசிப் பார்த்தேன்.

புதன்கிழமை அந்த மேசையைச் சுற்றி முதலாளி, அவர் மகன், புரொடக்ஷன் மேனேஜர், இன்ஜினியர் என்று எல்லாருமே ஆண்கள். நாங்கள் போனபோது பெண்களின் உள்ளாடை ஆர்டர் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பிள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. இடுப்பு எலாஸ்டிக் ஒரு இன்ச்சா, முக்கால் இன்ச்சா என்று கையில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடிப் படத்தைப் பார்த்ததும் முதலாளி, "ஏனுங்க, நான் கேட்ட ரெண்டு ரூம் எங்கீங்க?" என்றார். துணி காயப்போட இடம் வேண்டும் என்றேன். பின்னால் கம்பி கட்டிக்கொள்ளலாமே என்றார். அது போதாது என்றேன். ஏன் போதாது என்றார். அவ்வளவுதான், என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்லீங்க, பொண்ணுங்க துணி..." என்று இழுத்தேன். மகன் உதவி செய்கிற எண்ணத்தில், காய வைக்க ஒரு மெஷின் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். விஷயம் முடியப் போகிறது. சாரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. குவியலிலிருந்து ஒரு சாம்பிளை எடுத்துப் பிளான் மேலேயே வைத்தேன். "இதைக் காயப்போடறதுக்குத்தான் இடம் இல்லீங்க" என்றேன். அதன் உள்பக்கம் தைத்திருந்த லேபிளைத் திருப்பிக் காட்டினேன். அதில் மெஷினில் காய வைக்கக் கூடாது என்று, சதுரத்துக்குள் வட்டம் போட்டுக் குறுக்கே அடித்த படம் இருந்தது. "வாங்கறவங்களுக்கு நீங்களே சொல்றீங்க. இதைத் தைக்கற பொண்ணுங்க துண்டுக்கு அடியில போட்டு, ஈரத்தோட உடுத்திட்டு வர்றாங்க. புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அதுவரை எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டிருந்த புரொடக்ஷன் மேனேஜர் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார். என் காது இரண்டும் சுட்டது. முதலாளி அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளானைத் தன் பக்கம் இழுத்து, சுவர் மேல் விரலை வைத்து, "இது எத்தனை அடிங்க?" என்று கேட்டார். ஆறடி என்றேன்.

"பக்கத்துக் கம்பெனி மாடி நம்மளைவிட ஒசரமுங்க. ஏழடி வையுங்க" என்றார்.

ரூம் என்ன ஆச்சு என்று இன்ஜினியர் கேட்டார். ஒரு அறையை மட்டும் கீழே எங்காவது சேர்க்கச் சொல்லிவிட்டு முதலாளி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

கட்டடம் முடிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் தென்காசிப் பொண்ணு கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள் என்று வார்டன் சொன்னார். போன் நம்பர் மாறிவிட்டதாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஏறிப் போனேன். கொடிகளில் எல்லாத் துணிகளும் எதற்கு அடியிலும் ஒளியாமல் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. காய்ந்ததை எடுத்து மடித்துக்கொண்டிருந்த ஒரு புதுப் பிள்ளை, நான் யாரென்று தெரியாமல் எனக்கே அந்த இடத்தின் கதையைச் சொன்னாள். "இங்க முன்னாடி ஒரு தென்காசி அக்கா இருந்தாங்களாம். அவங்க கேட்டு வாங்கிக் குடுத்ததாம் இது."

பிளானில் என் கையெழுத்துப் போட எனக்கு அப்போது உரிமை இல்லை. இப்போது இருக்கிறது, நாலைந்து கட்டடங்களில் போட்டுவிட்டேன். ஆனாலும் அன்று அந்தப் பிள்ளை சொன்னதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. என் பொய்யை நம்பிச் சந்தோஷப்பட்ட அந்தத் தென்காசிப் பொண்ணின் முகம் மட்டும் இல்லையென்றால், அந்த மாடியில் இன்றைக்கும் இரண்டு அறைகள்தான் இருந்திருக்கும்.