பேட்ச் எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் நான் புரோகிராமராக இருந்தேன். எந்த மருந்து, எந்த பேட்ச், எந்தக் கடைக்குப் போனது என்பதெல்லாம் நான் எழுதிய புரோகிராமில் இருந்தது. எழுதுவது பாதி வேலைதான். அதில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது மீதி.

ஒருநாள் காலை மருந்து தயாரிக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில் ஒரு பேட்ச் சரியில்லை, உடனே திரும்ப வாங்க வேண்டும். அதே சிரப்பைத்தான் முந்தின நாள் எங்கள் வீடு இருந்த பேட்டையில் வாங்கி, மகளுக்குக் கொடுக்கும்படி மாமியாரிடம் வைத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டில் போன் கிடையாது.

பேட்ச் எண்ணைத் தட்டினேன். களக்காட்டில் ஒரே ஒரு கடை என்றது திரை.

"ஒரு கடைதானம்மா? சொல்லிருவோம்" என்று முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

பேட்டைக் கடை இல்லை என்றதும் எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. "இல்ல அண்ணாச்சி, பெட்டி பெட்டியா வந்த சரக்கு. அம்புட்டும் ஒரு கடைக்கா போகும்?"

பதிவுகளை வரி வரியாகத் திறந்தேன். களக்காட்டுக் கடையின் வரிக்குக் கீழே, எண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு சின்னக் கோடுகள். பில் போடும் கணக்கரைக் கூப்பிட்டேன். பேரேட்டில் எழுதிப் பழகிய கை அவருடையது.

"மேற்படிதான் தாயி. மேல உள்ள நம்பர்தான் கீழயும். ஒண்ணையே எத்தன தடவ அடிக்க? ஒனக்குப் புரியுதுல்லா?"

"எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியலியே அண்ணே!"

அடித்த வரிசையிலேயே பதிவுகள் இருந்ததால் வழி இருந்தது. கோடு வந்தால் மேல் வரியின் எண்ணை எடுத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடியது. பிரிண்டர் கடைப் பெயர்களைக் கறகறவென்று தள்ளியது. பேட்டைக் கடையும் அதில் இருந்தது.

முதலாளி போனை என் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல நீ பேசும்மா."

கடைக்காரருக்கு எங்கள் வீடு தெரியும். "வச்சிராதிய, இந்தா போறேன்" என்று ரிசீவரைப் பலகையில் போட்டுவிட்டு ஓடினார். யாரோ தலைவலி மாத்திரை கேட்டதும், ஒரு பஸ் ஹாரனும் என் காதில் விழுந்தன. இரைக்க இரைக்கத் திரும்பி வந்தார்.

"வாங்கியாச்சு. ஒரு மூடி குடிச்சிருக்கு. பிள்ள வெளையாடிக்கிட்டு இருக்கு, பயப்படாதிய."

மற்ற கடைகளுக்கும் நானே பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மறுநாள் முதல் என் புரோகிராம் கோடு அடித்தால் ஏற்காது. கணக்கர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியிலும் எண்ணை அடித்தார். நானும் புரோகிராமை மாற்றவில்லை.