கார்த்திகையில் எடுத்த எண்ணிக்கை

அக்காவுக்கு ஒரு கால் போனதற்கு லாரிக்காரன்தான் காரணம் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அவன் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தது உண்மை. ஆனால் அந்த இடத்தில் லாரிகள் வந்து போகலாம் என்று முடிவானதற்கு ஆதாரமாக இருந்த தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் வந்த பிறகு, அதற்குப் போகும் சாலையோரத்தில் சரக்கு அடுக்கக் கிட்டங்கி கட்ட ஆளாளுக்கு மனுப் போட்டார்கள். நான் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் தற்காலிக ஆள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். ஒரு பெரிய கிட்டங்கிக்கு மனு வந்தபோது, அதன் வாசலில் லாரிகள் திரும்பினால் சாலை தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்று நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, போகிறது வருகிறதையெல்லாம் எண்ணிக்கொண்டு வரச் சொல்லி ஓவர்சியர் என்னை அனுப்பினார். அவர்கள் வாசல் கேட்டிருந்த இடம், உப்பளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு நேர் எதிரே. அக்கா பத்து வயதிலிருந்து அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, கோடு போட்ட தாள்கள். லாரி, பஸ், கார், மாட்டு வண்டி, சைக்கிள், நடந்து செல்வோர் என்று தனித்தனிக் கட்டங்கள். ஒன்றுக்கு ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

கார்த்திகை மாதம். விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மத்தியானம் அக்கா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். நான் சாப்பிடும் நேரத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று அவளே சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அந்தா ஒரு மாட்டு வண்டி வருது. போடு."

"போட்டாச்சுக்கா."

"ரெண்டு மாடுல்லா வருது. ரெண்டு கோடு போட வேண்டாமா?"

"மாட்டுக்கு இல்லக்கா, வண்டிக்குத்தான்."

"நல்லா இருக்கே! இழுக்கது மாடு, கணக்கு வண்டிக்கா?"

"சிரிப்புக் காட்டாதக்கா. கோடு வளையுது."

"காலேஜ் படிச்சவன் போடுத கோடு வளையலாமாலே?"

மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் காலையிலேயே வந்து சாயங்காலம் வரை கூட இருந்தாள். சைக்கிளில் போன தெரிந்தவர்களை நிறுத்தி, "தம்பிக்கு முனிசிபாலிட்டியில வேலை அண்ணாச்சி. இந்த ரோட்டையே அவன்தான் பாக்கான்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மூன்று நாளும் அவளால் எப்படி வர முடிந்தது என்று நான் யோசிக்கவில்லை. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் அவளுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன் நான். ஆனாலும் உப்பு லாரி ஒன்றுகூட வராததையும், நடந்து செல்வோர் கட்டம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்ததையும் பார்த்து, கூட்டிப் போடச் சுலபமாக இருக்கிறது என்றே நினைத்தேன். அதிகப் போக்குவரத்து இல்லாத சாலை என்று அறிக்கை போயிற்று. ஓவர்சியர் என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். கேட்ட இடத்திலேயே வாசலுக்கு அனுமதி கிடைத்தது. சுவர் எழும்பும் முன்பே லாரிகள் உள்ளே போகத் தொடங்கிவிட்டன.

மாசியில் உப்பளம் திறந்தது. முதல் வாரமே அக்கா சொன்னாள்: "அந்தப் புது கேட்டுகிட்ட ரோட்டைத் தாண்ட முடியலலே. லாரிக்காரன் எந்தப் பக்கம் திரும்புதான்னே தெரிய மாட்டேங்கு."

ஒரு நாள் விடியலில் போய் நின்று பார்த்தேன். உப்பு லாரிகள் ஒரு பக்கம், கிட்டங்கி லாரிகள் ஒரு பக்கம், நடுவே சாலையைத் தாண்டும் பெண்கள். கோடு போட்டு முடியாத அளவுக்குப் பெண்கள். அன்றே ஓவர்சியரிடம் போனேன்.

"சீசன்ல இன்னொரு தடவை எண்ணலாம் சார். நான் எண்ணினப்ப உப்பளம் மூடியிருந்தது."

"சாங்ஷன் ஆயாச்சு தம்பி. இப்ப வந்து தப்புன்னா, யாரு எண்ணினான்னு கேப்பாங்க. யாரு எண்ணினா?"

"நான்தான் சார்."

"உன்னைப் பெர்மனன்ட் பண்ண எழுதியிருக்கேன். போய் வேலையைப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். வீட்டில், "ஓரமாப் பாத்துப் போக்கா" என்று மட்டும் சொன்னேன்.

பங்குனியில் ஒரு காலை, அந்த வாசலிலிருந்து பின்னோக்கி வந்த லாரி அவள்மேல் ஏறியது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலி கொஞ்சம் தணிந்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம் என்னைக் காட்டி, முனிசிபாலிட்டி வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர்சியர் சொன்னதும், நான் வாயை மூடிக்கொண்டதும் உட்பட.

போர்வையை இழுத்துக் கால் இருந்த இடத்தை மூடினாள். பிறகு, "நானும் பக்கத்துலதானலே இருந்தேன். உப்பளம் மூடிக் கெடக்கேன்னு எனக்கும் தோணலையே" என்றாள்.

"உன் வேலை இல்லக்கா அது."

"ரெண்டு பேருந்தான எண்ணினோம்" என்றாள். பிறகு, "மத்தவளுக தெனமும் அங்கனதான போறாளுக. எழுதிக் குடுலே. வேலை போனா போகட்டும்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். எண்ணிய மாதம் தவறு, எண்ணியது நான் என்று பெயர் போட்டே கொடுத்தேன். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. வாசலை மாற்றவில்லை. மறுபடி எண்ணவும் இல்லை. காலையும் மாலையும் பெண்கள் தாண்டும் நேரத்தில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை நிறுத்த மட்டும் கிட்டங்கிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

நான் அந்த வாசல் வழியாகச் சுற்றித்தான் அலுவலகம் போகிறேன். அக்கா கக்கத்துக் கட்டையை ஊன்றி வீட்டுக்குள் நடக்கப் பழகிவிட்டாள். நான் வீடு திரும்பியதும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்குக் கொடிக்காரன் நின்னானாலே?"

நின்னான்க்கா என்கிறேன். அவன் நிற்காத நாட்களிலும் அதையேதான் சொல்கிறேன்.