துப்பாக்கிக்குப் புளி போட்ட கதை

2007-இல் சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) துப்பாக்கி அறைக்கும் பராமரிப்புப் பதிவேட்டுக்கும் நான்தான் பொறுப்பு. அணிவகுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க மட்டுமே ஆகும் பழைய துப்பாக்கிகள், கொசுவைக்கூடச் சுட முடியாது. ஆனால் துரு ஏறக்கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் தினமும் ‘எண்ணெய் பூசப்பட்டது, துரு இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நானும் அறையைத் திறக்காமலே அதையே எழுதிவந்தேன்.

டில்லி முகாமுக்கு என் பெயர் போயிருந்த சமயம், கடலூரிலிருந்து ஒரு ராணுவ சுபேதார் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர் குறை எழுதினால் டில்லி போச்சு. அவர் வருவதற்கு முந்தின நாள் மாலை அறையைத் திறந்தால் குழல்களில் எல்லாம் செம்புள்ளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடன் வந்த தேவனாம்பட்டினத்துத் தோழி அசரவில்லை.

“இதுக்குப் போயி அழுவுறியே! எங்க வூட்டு குத்துவெளக்கு இத வுட மோசமா இருக்கும். புளி, உப்பு போட்டுத் தேச்சா பளிச்சுனு ஆயிடும்டீ.”

விடுதிச் சமையலறைப் புளி காலியானது. துப்பாக்கிகள் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி மின்னின. பெருமையாகப் பூட்டிவிட்டுப் போனோம்.

காலையில் திறந்தால், எல்லாமே குங்குமம் அப்பிக்கொண்டு நின்றன. பதிவேட்டைக் கையில் எடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ‘துரு இல்லை’ என்று எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. ‘புளி, உப்பு போட்டுத் தேய்த்தோம். பளபளத்தது. எண்ணெய் பூச மறந்துவிட்டோம். காலையில் முழுக்கத் துரு’ என்று எழுதிவிட்டேன்.

சுபேதார் பதிவேட்டைப் புரட்டி, ஒரு தேதியில் விரலை வைத்தார்.

“தீபாவளி அன்னிக்கு ஊரே தலைக்கு எண்ண தேய்க்குது. நீங்க துப்பாக்கிக்கா தேய்ச்சீங்க?”

கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் இரண்டு முறை படித்தார். மீசை துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“துப்பாக்கிக்கு சைபர். ஆனா இந்த புக்குல நம்புற மாதிரி இருக்கறது இந்த ஒரு பக்கந்தாம்மா. போயி மண்ணெண்ண எடுத்துட்டு வாங்க. சாயந்தரத்துக்குள்ள துரு போச்சுன்னா நீ டில்லி போலாம்.”

நகக்கண்ணெல்லாம் சிவக்கத் தேய்த்தோம். இந்த முறை எண்ணெயும் பூசினோம். டில்லியில் முகாம் வாசலிலேயே, “புளி போட்ட பொண்ணு நீதானா?” என்று கேட்டார்கள்!

இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பதிவேடுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ‘எல்லாம் நன்று’ என்று நாள் தவறாமல் எழுதியிருப்பதைப் பார்த்தால், கையெழுத்துப் போடாமல் எழுந்து போய் இயந்திரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.