எம்மெட் ட்வெய்ட் தன் பெயருக்கே அனுப்பிய பெட்டி

ஒருவன் தன் பொருளைத் தன் பெயருக்கே அனுப்பிவிட்டு, அதை வாங்கிக்கொள்ளப் போகாமலே இருந்துவிட்டால், அது யாரிடம் இருக்கிறது? சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. அவனுடையது, அவ்வளவுதான். எம்மெட் ட்வெய்ட்டின் வாழ்க்கையைப் பார்த்த எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை.

எம்மெட் மொன்டானா மாநிலத்தின் வடகிழக்கில், எங்கள் ஊர் ரயில்வேயில் சரக்கு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை. ஒழுங்கானவர். பிடிவாதக்காரர். குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர். வேட்டையில் அவருக்கு நாட்டமில்லை. ஒற்றைக் கையை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, காகிதத்தில் துளை போடுவதுதான் அவர் விளையாட்டு. ஒவ்வொரு ஜூலையும் அந்தப் போட்டிக்காக ஒஹையோ மாநிலத்துக்குப் போவார்.

பழைய ரயில்வேக்காரர் என்பதால் ரயிலில்தான் பயணம். ஆனால் எங்கள் ஸ்டேஷனில் லக்கேஜ் பதிந்து வாங்குவதில்லை. கைப்பையில் துப்பாக்கியோடு வண்டியில் ஏறவும் கூடாது. கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப முடியாது. மிஞ்சியது நான் வேலை பார்த்த பார்சல் கம்பெனி. அந்தக் காலத்தில் தனியாட்களிடமும் நாங்கள் வாங்கினோம். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரின் பொறுப்பில், தன் பெயருக்கே ஒருவர் தன் துப்பாக்கியை அனுப்பிக்கொள்ளலாம். பெற்றுக்கொள்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கலாம். பிரிக்க மட்டும் கூடாது. சொந்தக்காரன் வந்து தன் கையால்தான் பிரிக்க வேண்டும்.

முன்மேஜையில் நதீன் இருப்பாள். நான் பின்னால் பெட்டிகளை ஊர்வாரியாக அடுக்குவேன். எம்மெட் வரும் நாள் எங்களுக்குத் தெரியும்.

"உள்ள என்ன இருக்கு?" என்பாள் நதீன். கேட்டாக வேண்டும், விதி.

"கைத்துப்பாக்கி. குண்டு கிடையாது. எழுதியும் கொண்டாந்திருக்கேன்."

"போன வருஷம் எத்தனாவது இடம்?"

"உன் வேலைல அந்தக் கேள்வி இல்ல, பொண்ணே."

"கடைசி இடம்னா அனுப்புறதுக்கு வெக்கமா இருக்காதான்னு கேட்டேன்."

பெட்டி ஒஹையோவில் வெர்ன் பாசெக் என்பவரின் வீட்டுக்குப் போகும். அவரும் போட்டிக்காரர். எம்மெட் போய் இறங்கும்வரை பெட்டி அவர் சமையலறை மேஜையில் இருக்கும். காப்பி ஊற்றியபின் எம்மெட் தன் பேனாக் கத்தியால் டேப்பை அறுப்பார். போட்டி முடிந்ததும் இதேபோல் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்புவார். இங்கே அவர் மனைவி ஆர்லிஸ் கையெழுத்துப் போட்டு வாங்கி, அவர் வந்து சேரும்வரை பெட்டியைத் தொடாமல் வைத்திருப்பாள். மேலே ஒரு துணியைக்கூடப் போட மாட்டாளாம்.

வெர்னும் எம்மெட்டும் வருஷக்கணக்கான நண்பர்கள். மாதம் ஒருமுறை போனில் பேசுவார்கள். பேச்சு, துப்பாக்கி விசை எவ்வளவு கனம், காற்று எந்தப் பக்கம், எந்தக் கம்பெனிச் சுருள்வில் சீக்கிரம் தளர்கிறது என்பதைத் தாண்டாது. இதை நட்பு என்று சொல்லலாமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆண்கள் இங்கே வேறுவிதமாகப் பழகி நான் பார்த்ததில்லை.

ஒரு ஜனவரியில் ஆர்லிஸ் இறந்தாள். ஊரார் தட்டுத் தட்டாக நூடுல்ஸும் இறைச்சியும் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எம்மெட் ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தார். மனுஷன் தேறிவிட்டான் என்றார்கள். நதீனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எதையும் கடன் வெக்காம முடிக்கிறாரு" என்றாள்.

அவள் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தனியாக இருக்கும் ஆண்கள் சிலர் வசந்தத்தைப் பார்ப்பதில்லை. துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று சொல்வோம். ஷெரிஃப் அப்படித்தான் சொல்வார், பாதிரியாரும் அப்படித்தான் சொல்வார். யாரும் மறுத்ததில்லை. அந்தக் குளிர்காலத்திலும் ஒரு பண்ணைக்காரர் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில், பனி இன்னும் கிடக்கும்போதே, எம்மெட் பெட்டியோடு வந்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியும்ல."

"போட்டி ஜூலைலதானே?"

"இந்த வருஷம் முன்னாடியே போகட்டும்."

நதீன் பெட்டியை எடை பார்த்தாள். கம்பெனி விதிப்படி கைத்துப்பாக்கி விமானத்தில்தான் போக வேண்டும், மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் என்ற சொல்லில் அன்று எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதல் இருந்தது. வீட்டில் வேறு துப்பாக்கி இல்லை என்று நதீனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் மகள் ரோண்டாவோடு அந்த வீட்டில் வளர்ந்தவள் அவள்.

ஊரில் யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். துப்பாக்கிக் கடையில் வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பார். ஆனால் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்ப்பார்கள். போட்டிக்கு முன்கூட்டி அனுப்புகிறவனிடம் காரணம் தயாராக இருக்கிறது. தன்னைத் தன்னிடமிருந்து காப்பாற்ற ஒரு மனிதன் இரண்டு நாள் ரயில் தூரத்தை வாங்கிக்கொண்டான் என்றுதான் நான் நினைத்தேன். அதைப் பாராட்டவும் தொடங்கியிருந்தேன்.

அடுத்த வாரம் பெட்டி திரும்பி வந்தது. அந்த முகவரியில் வாங்க ஆளில்லை, பலமுறை போயும் கதவு திறக்கவில்லை, அனுப்பியவருக்கே திருப்புக என்று மேலே சிவப்புத் தாள். அதை லாரியிலிருந்து இறக்கியவன் நான். நதீனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு வெர்னின் எண்ணைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தாள்.

"நான் இப்ப மக வீட்டுல இருக்கேம்மா" என்றார் வெர்ன். "போன இலையுதிர் காலத்துலயே வந்துட்டேன். கண்ணு போயிடுச்சு. நடுவுல ஒரு கறுப்பு வட்டம், சுத்தி மட்டும் தெரியுது. வீட்டை வித்தாச்சு."

"எம்மெட்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவன் என்கூடப் பேச என்ன மிச்சம்? குறி பாக்க முடியாதவன்கிட்ட விசையைப் பத்தி யாராவது பேசுவானா?" சிரித்தார். "ஜூலை கிட்ட வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன். மார்ச்சுல அனுப்புவான்னு யாருக்குத் தெரியும்? ஏன் மார்ச்சுல அனுப்புனான்?"

"ஆர்லிஸ் இறந்துட்டாங்க."



"எப்ப?"

"ஜனவரில."

"பிப்ரவரில என்கிட்டப் பேசினானே" என்றார் வெர்ன். "அரை மணி நேரம். சுருள்வில்லைப் பத்தி."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாரமாகிவிடக் கூடாது என்று இருந்தார்கள். அந்த மரியாதைதான் பெட்டியைத் திரும்ப எம்மெட்டின் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது.

நதீன் அதைத் தன் மேஜைக்கு அடியில் வைத்தாள். பெட்டி வந்த செய்தி உரியவருக்குப் போயாக வேண்டும். அவள் நாளைக் கடத்தினாள். எம்மெட் தானாகவே வந்தார். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வெர்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என் பெட்டி இங்க இருக்காமே."

"இருக்கு. இங்கயே இருக்கட்டுமே, எம்மெட்."

"உன் கடை குடோன் இல்லையே, பொண்ணே."

"வெர்னோட மக வீட்டுக்கு அனுப்பிடலாம். அட்ரஸ் நான் வாங்கி வெச்சிருக்கேன்."

"அவன் கண்ணு போனவன். அவன் மேஜைல அதைக் கொண்டுபோய் வெக்கச் சொல்றியா?" குரல் உயரவில்லை. "என் பேருதான் எழுதியிருக்கு. குடு."

"வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

எம்மெட் அவளைப் பார்த்தார். "துடைப்பேன்" என்றார்.

அதைக் கேலியாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நதீன் மேஜைக்கு அடியில் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். ஆனால் அவளிடம் விதி எதுவுமில்லை. பொருள் அவருடையது, பெயர் அவருடையது, அடையாள அட்டை சரியாக இருக்கிறது. மனைவி இறந்தவனுக்குக் கொடுக்காதே என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவருடைய பிக்கப் வண்டி எங்கள் ஜன்னலுக்கு நேரே நின்றது. ஏறி உட்கார்ந்தார். பெட்டியை ஆர்லிஸ் உட்காரும் இடத்தில் வைத்தார். வண்டியைக் கிளப்பவில்லை. நதீன் போனைக் கையில் எடுத்தாள், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். வண்டிக் கண்ணாடி அவர் மூச்சில் மங்கி, அவர் முகம் மறைந்துபோனது. உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு வண்டிக் கதவு திறந்தது. பெட்டியோடு உள்ளே வந்தார்.

"ஒரு புது லேபிள் குடு."

நதீன் கொடுத்தாள். நின்றபடியே எழுதினார். மேல்வரியில் எம்மெட் ட்வெய்ட். அதற்குக் கீழே, பொறுப்பு: ரோண்டா. பிறகு பக்கத்து மாநிலமான அய்டஹோவில் ஒரு தெரு.

நதீன் நிமிர்ந்து பார்த்தாள். எம்மெட்டின் வீட்டில் ஒரு காலத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். கைக்குழந்தையோடு வந்த ரோண்டா, துப்பாக்கி இருக்கும் வீட்டில் என் பிள்ளையைத் தூங்கவைக்க மாட்டேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். அப்படியானால் வராதே என்றார் எம்மெட். அவள் வரவில்லை. தாயின் சவ அடக்கத்துக்கு வந்தவள்கூட மோட்டலில்தான் தங்கினாள். அப்பாவும் மகளும் கல்லறையில் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள்.

"எம்மெட், அவ இதை வாங்குவாளா?"

"கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவ இஷ்டம்."

"நீங்க வர்றீங்கன்னு சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்லாத. உள்ள என்ன இருக்குன்னு கேளு, நீ இன்னும் கேக்கல."

நதீன் கேட்டாள். அவர் சொன்னார்.

ரோண்டா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். சில நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா இதைப் பிரிக்க வருவாரா?" எம்மெட் அந்த ஜூலையில் எங்கும் போகவில்லை, அடுத்த ஜூலையிலும் போகவில்லை. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சாகும்வரை சில குளிர்காலங்களைத் தனியாகவே கடந்தார். மகளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. பெட்டி அவள் அலமாரியில், பிரிக்காமல், அவர் பெயரோடு இருந்தது. அவள் அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டபடியே அவர் வீட்டில் துப்பாக்கி இல்லை.

ஏன் அவளுக்கு அனுப்பினீர்கள் என்று நதீன் ஒருமுறை காப்பிக் கடையில் அவரிடம் நேராகவே கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எம்மெட் கோப்பையைச் சாஸரில் வைத்தார், கைப்பிடி சரியாகத் தன் பக்கம் வரும்படி திருப்பினார், வெளியே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.