சொந்தக் குதிரை உட்பட

நான் எழுதியவற்றில் ஒரே ஒரு கடிதம்தான் படித்தவர்களை உடனே காரியத்தில் இறங்க வைத்தது. அதில் நான் இல்லாத ஒரு குதிரையை இருப்பதாக எழுதியிருந்தேன். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவன், நாலு நல்ல புத்தகம் படித்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். ஒன்றும் படிக்காதவன் நிச்சயம் செய்திருக்க மாட்டான்.

அறுபதுகளில் நான் செஞ்சியில், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊருக்கே நான் ரைட்டர். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விற்கிற நிலத்தில் ஒரு கள்ளிச்செடிகூட இருக்காது. ஆனாலும் ‘மாவடை, மரவடை, கிணறு, புதையல் உட்பட’ என்று எழுதிவிடுவோம். இல்லாததை எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. இருப்பதை விட்டுவிட்டால் வழக்கு வரும். எட்டு வருஷம் இப்படி எழுதிய கை, எந்த வாக்கியத்தையும் ‘உட்பட’ இல்லாமல் முடிக்காது.

என் நண்பன் ஒருவன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். ஆறடி உயரம், வெண்கலக் குரல். கோடை விடுமுறைகளில் பட்டணம் போய் இரண்டு படங்களில் நடித்துவிட்டு வந்திருந்தான். முதல் படத்தில் ராஜாவிடம் ஓலையைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவான். இரண்டாவதில் “ஆபத்து மன்னா!” என்று பேசவும் செய்தான். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில், கதாநாயகன் முன்னால் நடந்து வந்தபோது எழாத விசில் இவன் பின்னால் நடந்து போனபோது எழுந்தது. நட்சத்திரம் உதயமாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதைச் சுற்றிவர நாங்கள் இருவர் கிளம்பினோம்.

ஒருவன் நான். செயலாளர். அதற்கென்று திண்டிவனத்தில் ரப்பர் ஸ்டாம்பு ஒன்றும் செய்துவைத்திருந்தேன். மற்றவன் கடைத்தெருவில் மளிகை மண்டி வைத்திருந்த சமணர் வீட்டுப் பிள்ளை. நட்சத்திரத்தின் உடம்பும் உணவும் அவன் பொறுப்பு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம் என்பதால் நட்சத்திரத்தையும் ஐந்தரை மணிக்கே இலையில் உட்கார வைத்துவிடுவான். அது வீட்டுக்குப் போய் இரண்டாம் முறை சாப்பிட்டது எனக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் கோட்டையில் ராஜா ராணிப் படம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. தளபதி வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். கதாநாயகனுக்கு அடுத்த பாத்திரம். ஒரு பாட்டு, ஒரு நல்ல சாவு. நான் பேனாவைத் திறந்தேன். உயரம், குரல், உச்சரிப்பு, கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பரம்பரை, குதிரையேற்றத்தில் தேர்ச்சி என்று வளர்ந்துகொண்டே போன வாக்கியத்தை என் கை அதன் வழக்கப்படி முடித்தது: ‘சொந்தக் குதிரை உட்பட.’

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. வேஷம் அவனுக்குத்தான். கடிதம் கிடைத்த அன்றே பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, என் பாராட்டைக் கேட்பதற்காகக் கம்பெனிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தவன், அப்போதுதான் கடைசி வரியை நிதானமாகப் படித்தான்.

“இன்னாடா இது? ‘தங்கள் குதிரையைத் தயாராக வைத்திருக்கவும், நாங்கள் ஒன்று குறைத்துக்கொள்கிறோம்’னு எழுதியிருக்குது?”

“அது ஒரு பேச்சுக்கு எழுதினதுடா.”

“பேச்சுக்கா? நான் எருமை மேலகூட ஏறினதில்லையேடா!”

உண்மையை எழுதிவிடலாம் என்றேன். அவன் நின்றபடியே என்னைப் பார்த்தான். “எழுதினா வேற ஆளு போட்டுடுவான். இங்க என் இடத்துக்கு நேத்தே ஆளு வந்துட்டான். பசங்க அவனை சார்னு கூப்புடுதுங்க, எங்காதால கேட்டேன். நான் எங்கடா திரும்பிப் போவேன்?”

எதையும் வேடிக்கையாக எழுதிவிடலாம் என்பது என் கட்சி. அந்தக் கேள்வியை மட்டும் இன்றுவரை என்னால் அப்படி எழுத முடியவில்லை.

குதிரை ஏறிப் போருக்குப் போய்ச் செத்த ராஜாவைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. கோட்டைக்குள் குதிரை லாயம் இன்னும் நீளமாக நிற்கிறது. ஆனால் படப்பிடிப்புக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது ஊரில் தேடியதில் கிடைத்தது, பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாயின் பழுப்பு நிற மட்டக்குதிரைதான். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் என் நண்பன்தான் அ, ஆ சொல்லிக்கொடுத்தவன். அதனால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

விடியற்காலையில் சங்கராபரணி ஆற்று மணலில் பயிற்சி ஆரம்பித்தது.

“வாத்யாரே, அது முதுவுல இதுவரைக்கும் ஒருத்தரும் குந்தினதில்லை. அதுக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. ரெண்டு பேரும் பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டுப் பாய் சாட்டையை எடுத்தார்.

மளிகைக்காரன் குறுக்கே வந்து நின்றான். “பாய், சாட்டை எடுத்தீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன். வாயில்லாத ஜீவனை அடிச்சு வர்ற பார்ட்டு நமக்கு வேணாம்.”

“அப்ப இன்னா, கும்புட்டுக் கேக்கறதா? வண்டிக் குதிரைங்க இது. சாட்டை சொன்னாத்தான் ஓடும்.”

“வெல்லம் சொன்னா ஓடாதா?”

மறுநாள் மண்டியிலிருந்து ஒரு பொட்டலம் வெல்லம் வந்தது. முறை இதுதான்: நண்பன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவான். குதிரை நின்று, கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து பார்க்கும். மளிகைக்காரன் ஓடிப்போய் அதன் வாயில் ஒரு துண்டு வெல்லம் வைப்பான். மென்று முடித்ததும் யாரும் சொல்லாமலே அது நாலுகால் பாய்ச்சலில் கிளம்பும். ஐந்தாம் நாள் இது படிந்துவிட்டது. சாட்டையில்லாத சவாரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

குதிரை தேறிவிட்டது. மனிதன்தான் தேறவில்லை. உள்தொடைகள் இரண்டும் தோலுரிந்து, நின்றுகொண்டேதான் சாப்பிட்டான். பதினோராம் நாள் நாலாவது முறை விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் மணலுக்குள் விட்டுக்கொண்டான்.

“அங்கயே விழுந்து செத்துட்டாக்கூடப் பரவாயில்லைடா. நடிச்சினு இருக்கும்போது செத்தான்னாவது சொல்லுவாங்க. தோத்துட்டு வந்து இந்தக் கடைத்தெருவுல நடக்க என்னால முடியாது.”

கம்பெனி அனுப்பியிருந்த வசனத் தாளை எடுத்து, “முதல்லேருந்து ஒருவாட்டி சொல்லு” என்றேன்.

படப்பிடிப்பு அன்று கல்யாண மகாலுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. அதற்கு முந்தின நாளே நான் பாயிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். கடிதத்தில் சொந்தக் குதிரை என்று இருக்கிறது. ஜட்காக்காரர் பக்கத்தில் நின்றால் குட்டு உடைந்துவிடும். “நீங்க பஸ் ஸ்டாண்டுலயே இருந்துடுங்க பாய்.” அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். “சரி ரைட்டரே” என்று கடிவாளத்தை என் கையில் கொடுத்தார்.

கம்பெனி மேனேஜர் குதிரையைச் சுற்றிவந்து பார்த்தார். “இதுவா?”

“வம்சமே குட்டை சார்” என்றேன்.

வேறு வழியில்லை. அவர்கள் லாரியில் கொண்டுவந்த ஆறு குதிரைகளும் சிப்பாய்களுக்கே சரியாக இருந்தன. ஏழாவதை என் கடிதத்தை நம்பி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். குதிரைக்காரர்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். மளிகைக்காரனின் சட்டைப் பையிலிருந்து எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நண்பனின் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தளபதி வாளை உயர்த்தி “வெற்றி நமதே!” என்று முழங்கி, படைக்கு முன்னால் பாய்ந்து போகவேண்டும். காட்சி அவ்வளவுதான்.

டைரக்டர் கை காட்டினார். குதிரை நன்றாகவே புறப்பட்டது. என் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து ஊர் மூச்சை அடக்கியது. அவன் வாளை உயர்த்தினான். குதிரை நின்றது. கழுத்தைத் திருப்பி, அவனை அண்ணாந்து பார்த்தது. பின்னால் வந்த ஆறு குதிரைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறையும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சிரிப்பு தொடங்கி, கோட்டைச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவன் வெண்கலக் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்தது. ஐந்தாம் முறை “வெற்றி நமதே” என்பது கெஞ்சுவதுபோல் கேட்டது. ஆறாவது முறைக்கு யாரோ ஒரு சாட்டையைக் கொண்டுவந்து சொடுக்கினார்கள். பதின்மூன்று நாள் சாட்டையை மறந்திருந்த குதிரை எகிறியது. அவன் விழுந்தான். அது நாலு தப்படி ஓடித் திரும்பி வந்து, விழுந்துகிடந்தவனின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது.

டைரக்டர் குடைக்குக் கீழிருந்து மேனேஜரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மேனேஜர் வந்து, என் நண்பன் தலையிலிருந்த தளபதித் தலைப்பாகையைப் பக்குவமாகக் கழற்றி, மீசை வைத்த ஒரு சிப்பாயின் தலையில் வைத்தார். என் நண்பன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அதன்பிறகு அவன் பட்டணம் போகவில்லை. ஏழு மாதம் வீட்டை விட்டே அதிகம் வெளியே வரவில்லை. பிறகு யார் யாரையோ பார்த்து, தளவானூர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து, சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மறுவருஷம் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. போகவேண்டாம் என்றோம், அவன்தான் கிளப்பினான். பாயையும் சேர்த்து நாலு பேர் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். தளபதி மீசைக்காரர்தான். ஆனால் அவர் சாகப்போகிற போருக்கு முன்னால் ஒரு காட்சி வந்தது. உயர்த்திய வாள், அதைப் பிடித்த கை, முகம் தெரியாத ஒரு உடம்பு. அந்தக் கையை நோக்கி ஒரு மட்டக்குதிரை கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்க்கிறது. பின்னணியில் வயலின். எஜமானின் முடிவு குதிரைக்குத் தெரிந்துவிட்டதாம். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்தில் என் நண்பன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து கடைத்தெரு வழியாக நடந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று நான் ஆரம்பித்தேன். டைரக்டர் பெரிய மேதை, அந்தப் பார்வையிலிருந்த துக்கத்தை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார், சாவை முன்கூட்டி அறிகிற ஒரு மிருகத்தின் மௌனம் என்றெல்லாம்.

பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

“துக்கமுமில்லை ஒண்ணுமில்லை ரைட்டரே, அது வெல்லம் கேக்குது. என்னை அங்க நிக்க வுட்டிருந்தா ஒரு துண்டு வாயில போட்டிருப்பேன், ஓடியிருக்கும். தெனமும் அப்படித்தான பண்ணோம்?”